சென்னை வீட்டு மண்ணில் கன உலோகம்: கண்டறிவது முதல் கட்டிப்போடுவது வரை முழு வழிகாட்டி

சென்னையில் வீட்டைச் சுற்றி மண் தரை மிச்சம் வைத்திருப்பவர்கள் குறைவு. வைத்திருப்பவர்கள் அதில் ஒரு முருங்கை, ஒரு வாழை, ரெண்டு பாத்தி கீரை போடுகிறார்கள். குழந்தைகளை விளையாட விடுகிறார்கள். அந்த மண்ணில் ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். இந்த வழிகாட்டி அவர்களுக்கும், பள்ளித் தோட்டம் நடத்தும் ஆசிரியர்களுக்கும். வேதியியல், சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்கள் செய்து பார்க்க ஓர் ஆய்வு முறையும் நடுவில் வருகிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வக அறிக்கையில் ‘ஈயம் 220’ (ஒரு கிலோ மண்ணில் 220 மில்லிகிராம்) என்று வந்தால் அந்த எண்ணை மட்டும் பார்த்து பயப்படவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. மண் அந்த ஈயத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது, அது நம் உடம்புக்குள் வர எந்த வழி திறந்திருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செடியைக் காப்பாற்ற மண்ணின் பிடிப்பு பெருமளவு உதவும். மண்ணை வாயில் வைக்கும் குழந்தையை அது காப்பாற்றாது. வயிற்றில் இருக்கும் அமிலம், மண் பிடித்து வைத்ததில் பெரும்பகுதியைக் கழற்றிவிடும். கீழே வரும் ஒவ்வொரு படியிலும் செடி, குழந்தை என்று இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள்.

படி 1: இடத்தின் வரலாற்றை விசாரியுங்கள்

மண்வெட்டி எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் பேசுங்கள். இந்த மனையில் முன்பு என்ன இருந்தது? மனையை மேடாக்க எந்த மண் கொட்டினார்கள்? அருகில் பட்டறை, பேட்டரிக் கடை, முலாம் பூசும் கூடம் ஏதாவது இருந்ததா? செலவில்லாத ஆய்வு இதுதான். பாதி பதில் இதிலேயே கிடைத்துவிடும்.

சென்னையில் எந்தப் பகுதியில் எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு ஓரளவு தடயம் உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் ஆலையால்தான். பல்லாவரம், நாகல்கேணி வரை தோல் பதனிடும் தொழில் பரவியிருந்ததால் அங்கே முதலில் குரோமியத்தைப் பார்க்க வேண்டும். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளை ஒட்டிய இடங்களில் முலாம் பூசும் வேலையிலிருந்து வரும் நிக்கல், குரோமியம், துத்தநாகம். மணலி, எண்ணூர் பக்கம் சுத்திகரிப்பு ஆலையும் அனல் மின் நிலையங்களும். நிலக்கரிச் சாம்பலில் ஆர்செனிக், ஈயம், பாதரசம், குரோமியம் எல்லாமே சிறு அளவில் உண்டு. புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டி பிரிக்கும் இடங்களில் ஈயமும் செம்பும். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளின் ஓரங்களில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

தொழிற்சாலையே இல்லாத தெருவிலும் ஈயம் இருக்கும். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று பெட்ரோல். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது 1995-ல்தான். நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000-ல். அதுவரை மவுண்ட் ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் ஓடிய வண்டிகள் கக்கிய ஈயம் சாலையோர மண்ணின் மேலடுக்கில் இன்னமும் கிடக்கிறது. ஈயம் மட்கிப் போவதில்லை. மழையில் கீழே இறங்குவதும் மிக மிக மெதுவாகத்தான். இரண்டாவது காரணம் சுவர் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த ஜன்னல், கதவு, கிரில் பெயிண்டைச் சுரண்டியபோதெல்லாம் அந்தத் தூள் சுவரோர மண்ணில்தான் விழுந்திருக்கும்.

நாமே கொண்டு வந்து சேர்ப்பதும் உண்டு. போகியன்று டயர், பெயிண்ட் அடித்த பழைய மரம், பிளாஸ்டிக் எரித்த சாம்பலைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். டயரில் துத்தநாகமும், பழைய பெயிண்டில் ஈயமும் எரிந்து போகாமல் சாம்பலிலேயே தங்கும். பட்டாசுக் குப்பையும் அப்படித்தான், அதில் பேரியமும் செம்பும் இருக்கும். மனையை மேடாக்க வாங்கும் சவுடு மண், இடித்த கட்டடக் கழிவு, ‘நல்ல வண்டல்’ என்று விற்கப்படும் ஏரி மண் மூன்றையும் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் இறக்கக் கூடாது. சாக்கடை கலக்கும் ஏரியின் அடி வண்டல், உலோகங்கள் வந்து படியும் இடம். கூவத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் வாரிய ஆகாயத் தாமரையை மூடாக்காகப் போடுவதும் வேண்டாம். தண்ணீரிலிருக்கும் உலோகத்தை அது நன்றாகவே உறிஞ்சி வைத்திருக்கும்.

படி 2: மாதிரி எடுப்பது

இதில் அவசரப்பட்டால் பிறகு செலவழிக்கும் பணம் முழுக்க வீண். ஆய்வகம் கையாளப்போவது ஒரு கிராம் மண்ணைத்தான். அந்த ஒரு கிராம் உங்கள் தோட்டத்தைச் சரியாகக் காட்டுமா என்பது நீங்கள் எடுக்கும் விதத்தில் இருக்கிறது.

ஒரு கிரவுண்டு மனை என்றால் மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: வீட்டுச் சுவரை ஒட்டிய ஓரடி, சாலைப் பக்கம் அல்லது வண்டி நிறுத்தும் இடம், பின்கட்டுத் தோட்டம். மூன்றையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். சுவரோரத்தில் ஈயம் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம். கலந்து விட்டால் அது சராசரியில் ஒளிந்துகொள்ளும்.

ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக எட்டுப் பத்து இடங்களில் எடுக்க வேண்டும். பயிர் செய்யும் இடம் என்றால் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனாகச் சீவி எடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் ஆழம் வேண்டாம். மேலே இருக்கும் 2 அல்லது 3 செ.மீ. மட்டும், ஏனென்றால் கையில் ஒட்டுவதும் தூசியாகப் பறப்பதும் அதுதான். துருப்பிடித்த, நாக முலாம் பூசிய கருவிகளைத் தவிர்த்து எவர்சில்வர் அல்லது பிளாஸ்டிக் கரண்டி பயன்படுத்துங்கள்.

ஒரே பகுதியில் எடுத்ததைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர் கால்பங்குகளைத் தள்ளிவிடுங்கள். அரை கிலோ மிஞ்சும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். நிழலில் உலர்த்தி, கல், வேர் நீக்கி, புதுப் பையில் போட்டு, இடம், ஆழம், தேதி மூன்றையும் எழுதுங்கள். பாதரசமோ ஆறு இணைதிறன் குரோமியமோ (குரோமியத்தின் கரையக்கூடிய, நச்சு மிகுந்த வடிவம்) பார்க்க வேண்டுமானால் உலர்த்தாமல் குளிரில் வைத்துக் கொடுக்க வேண்டும். முன்கூட்டியே ஆய்வகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எந்தச் சோதனை கேட்க வேண்டும்

மண் வள அட்டைக்காகச் செய்யும் வழக்கமான சோதனையில் பன்னிரண்டு அளவுகள் வரும்: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், பி.எச். (மண் அமிலமா காரமா என்று சொல்லும் எண்), மின்கடத்தும் திறன் (மண்ணின் உப்பைக் காட்டுவது), அங்ககக் கரிமம் (மட்கின் அளவைக் காட்டுவது). ஈயமும் காட்மியமும் அதில் கிடையாது. ‘மண் டெஸ்ட் பண்ணியாச்சு, எல்லாம் நார்மல்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த அட்டையை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

கன உலோகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற தனி ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்கே மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். முதலாவது, மொத்த அளவு: மண்ணை வலுவான அமிலத்தில் கரைத்து ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம், ஆர்செனிக் அளப்பது. இரண்டாவது, டி.டி.பி.ஏ. என்ற, உலோகத்தைக் கவ்வி எடுக்கும் வேதிப்பொருளின் கரைசலில் வரும் அளவு: செடிக்கு எட்டக்கூடிய பங்கை இது ஏறக்குறைய காட்டும். மூன்றாவது, பி.எச்., மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம். இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. மொத்தக் குரோமியம் அதிகமாக வந்தால் மட்டும் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகக் கேளுங்கள்.

படி 4: மண் எப்படிப் பிடிக்கிறது என்று புரிந்துகொள்வது

களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவை மண்ணின் ஈரத்தில் நேர்மின் அயனிகளாக இருப்பதால் அந்தப் பரப்பில் வந்து ஒட்டுகின்றன. இதுதான் பரப்புக் கவர்ச்சி. ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. மின்கவர்ச்சியால் மட்டும் ஒட்டியது வேட்டியில் படிந்த தூசி மாதிரி; கால்சியமோ சோடியமோ வந்து தட்டினால் போய்விடும். இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளோடும் மட்கோடும் வேதிப்பிணைப்பு ஏற்பட்டு ஒட்டியது மஞ்சள் கறை மாதிரி, லேசில் போகாது. ஈயமும் செம்பும் பெரும்பாலும் இரண்டாவது வகையில் மாட்டிக்கொள்கின்றன. காட்மியமும் நிக்கலும் முதல் வகையிலேயே அதிகம் நிற்பதால்தான், அளவில் ஈயத்தைவிடக் குறைவாக இருந்தாலும் கீரைக்குள் காட்மியம் சுலபமாக ஏறிவிடுகிறது.

பிடிக்கும் கொள்ளளவு மண்ணுக்கு மண் மாறும். திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை என்று கடலோரம் முழுக்க மணற்பாங்கு. தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் களிமண். ஒரு கிலோ மணல் பிடிக்கும் நேர்மின் அயனிகளைப் போல இருபது மடங்கு கூட, வீங்கும் வகைக் களிமண் பிடிக்கும். அதனால் ஒரே 150 மி.கி. ஈயம், பெரம்பூர்க் களிமண்ணில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். கொட்டிவாக்கம் மணலில் வேரை நோக்கிக் கிளம்பலாம்.

உங்கள் மண் எது என்று தெரிய ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடங்கும், இரண்டு மணி நேரத்தில் வண்டல், களி அடங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். மூன்று அடுக்கையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

அடுத்தது பி.எச். மண் அமிலமாகும்போது ஹைட்ரஜன் அயனிகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு உலோகத்தை வெளியே தள்ளுகின்றன. 6.5-க்கு மேல் இருந்தால் ஈயம், காட்மியம் எல்லாம் நன்றாகவே ஒட்டியிருக்கும். ஆனால் ஆர்செனிக்கும் ஆறு இணைதிறன் குரோமியமும் இதற்கு நேர்மாறு. அவை எதிர்மின் அயனிகள் என்பதால் காரத்தன்மை கூடக் கூடப் பிடிப்பு விட்டுக் கரையும். ‘சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற பொது அறிவுரை ஆபத்தானது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது உப்பு. இது சென்னை மாதிரி கடலோர ஊர்களின் பிரச்சினை என்றாலும் அதிகம் பேசப்படுவதில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு, காட்மியத்தோடு சேர்ந்து களிமண்ணில் ஒட்டாத ஒரு கூட்டுப் பொருளாக அதை மாற்றிவிடும். அப்புறம் அது வேரை நோக்கிப் போகத் தடையே இல்லை. கடலோரப் பகுதிகளில் உப்பேறிய போர்வெல் தண்ணீர் பாய்ச்சுவதும், ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரைக் கீரைப் பாத்திக்கு விடுவதும் இப்படித்தான் வினையாகிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. அந்த நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காட்மியம் இருக்கும் பாத்திக்கு மழைநீர்தான் சிறந்தது. 2003-லேயே இங்கே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டதால் பல வீடுகளில் அதற்கான குழாய் ஏற்கெனவே இருக்கும். ஒரு டிரம் வைத்தால் போதும்.

மாணவர்களுக்கு: பிடிப்பை அளந்து பார்க்கும் முறை

கல்லூரி ஆய்வகத்தில் மட்டும், ஆசிரியர் மேற்பார்வையில். 2 மி.மீ. சல்லடையில் சலித்த மண் ஒரு கிராம் வீதம் ஆறு குப்பிகளில் எடுங்கள். 0.01 மோலார் கால்சியம் நைட்ரேட் கரைசலில் லிட்டருக்கு 5, 10, 25, 50, 75, 100 மி.கி. காட்மியம் இருக்கும்படி தயாரித்து, ஒவ்வொரு குப்பியிலும் 25 மி.லி. ஊற்றி 24 மணி நேரம் குலுக்கியில் வையுங்கள். வடிகட்டி, கரைசலில் மிச்சமிருப்பதை அணு உறிஞ்சல் நிறமாலைமானியில் அளக்க வேண்டும். மண் இல்லாத குப்பி ஒன்றையும் சேர்த்து ஓட்டினால்தான் குப்பிச் சுவரில் ஒட்டியது எவ்வளவு என்று தெரியும்.

கணக்கு எளிது. 100-ல் தொடங்கி 20 மிஞ்சினால் லிட்டருக்கு 80 மி.கி. மண்ணுக்குப் போயிருக்கிறது. 25 மி.லி.க்கு அது 2 மி.கி.; ஒரு கிராம் மண் பிடித்தது 2 மி.கி. என்றால் கிலோவுக்கு 2000 மி.கி. இதை 20-ஆல் வகுத்தால் வரும் 100, அந்தச் செறிவில் பங்கீட்டுக் கெழு, அலகு லிட்டர்/கிலோ. ஆறு புள்ளிகளையும் வரைந்தால் வருவது சமவெப்பக் கோடு. லாங்முயர் சமன்பாட்டுக்குப் பொருந்தினால் மண் அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கும் என்ற எண் கிடைக்கும். பல வகைப் பரப்புகள் கலந்த இயற்கை மண்ணுக்கு ஃபிராய்ன்ட்லிக் சமன்பாடு பெரும்பாலும் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

ஈயத்தை விட்டு காட்மியத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சென்னை மண் பெரும்பாலும் நடுநிலை அல்லது காரம். அதில் ஈயத்தை அதிகச் செறிவில் விட்டால் கார்பனேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் படிந்துவிடும். அதைப் பரப்புக் கவர்ச்சி என்று கணக்கில் சேர்த்தால் கொள்ளளவு பொய்யாக உயர்ந்து தெரியும். ஒவ்வொரு குப்பியிலும் கடைசி பி.எச். குறித்து வைக்காத ஆய்வை நம்ப வேண்டாம். கழிவுக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்க்க வேண்டும்.

படி 5: எண்ணைப் படிப்பது

இந்தியாவில் விவசாய மண்ணுக்கு வழக்கமாக மேற்கோள் காட்டப்படும் வரம்புகள், கிலோவுக்கு மி.கி. கணக்கில்: ஈயம் 250–500, காட்மியம் 3–6, நிக்கல் 75–150, செம்பு 135–270, துத்தநாகம் 300–600. சாக்கடைக் கழிவுச் சேறு போடும் நிலங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருப்பது இன்னும் இறுக்கம்: ஈயம் 50–300, காட்மியம் 1–3. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் முகமை பல ஆண்டுகளாக வைத்திருந்த 400 என்ற அளவை 2024-ல் 200 ஆகக் குறைத்தது.

வீட்டுத் தோட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது. ஈயம் 50-க்குள் இருந்தால் கவலையில்லை. 50 முதல் 200 வரை, கீழே வரும் மண் சீரமைப்பைச் செய்து காய்கறி போடலாம், ஆனால் வெற்றுத் தரையாக விடக் கூடாது. 200-ஐத் தாண்டினால் தரையில் கீரையும் கிழங்கும் வேண்டாம், சிறு குழந்தைகள் அந்த மண்ணைத் தொட வேண்டாம். 400-க்கு மேல் என்றால் அந்தத் தரையை மூடிவிட்டு, மேலே தனிப் பாத்தியிலோ தொட்டியிலோ மட்டும் பயிர். காட்மியம் ஒன்றைத் தாண்டினாலே டி.டி.பி.ஏ. எண்ணையும் உப்பையும் கவனமாகப் பார்க்கிறேன்.

குரோமியத்தில் மட்டும் நிதானம் தேவை. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துச் சார்னோக்கைட் போன்ற பாறைகள் சிதைந்து உருவான மண்ணில் இயற்கையாகவே குரோமியமும் நிக்கலும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அது பெரும்பாலும் மூன்று இணைதிறன் வடிவம், கரையாது, தீங்கும் குறைவு. அதே பகுதியில் தொழிற்சாலை இல்லாத ஓர் இடத்து மண்ணையும் சேர்த்துச் சோதித்தால்தான் எது பாறை தந்தது, எது ஆலை தந்தது என்று பிரிக்க முடியும்.

படி 6: முதலில் குழந்தை, அப்புறம் செடி

ஈயம் உடம்புக்குள் வரும் பெரிய வழி காய்கறி அல்ல. கையில் ஒட்டிய மண்ணும் வீட்டுக்குள் வரும் தூசியும்தான். குழந்தைகளைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கண்டறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் மண்ணைத் திருத்தும் வேலையைத் தொடங்கும் முன்பே, அறிக்கை வந்த அன்றே, சிலவற்றைச் செய்துவிட வேண்டும். வெற்று மண்ணைப் புல், மரத்தூள், தென்னை நார்க்கழிவு, செங்கல் தளம் என்று எதையாவது வைத்து மூடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். தரையைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சாப்பிடும் முன் கை கழுவுவது கட்டாயம். சுவரோரம்தான் மோசம் என்றால் அங்கே செம்பருத்தி, நந்தியாவட்டை மாதிரி அடர்ந்த புதர் வைத்துவிட்டால் குழந்தைகள் போகவே மாட்டார்கள். ஈயம் 400-ஐத் தாண்டிய இடத்தில் குழந்தை வெகுநாள் விளையாடியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேடி நீக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

படி 7: மண்ணில் பிடிப்பைக் கூட்டுவது

100 சதுர அடிப் பாத்தியை எடுத்துக்கொள்வோம். 15 செ.மீ. ஆழத்துக்கு அதில் சுமார் 1800 கிலோ மண் இருக்கும். எல்லா அளவும் இதிலிருந்துதான் வருகிறது.

நன்கு மட்கிய உரம் முதலில். 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிக் கொத்திக் கலக்குங்கள். சுமார் 460 லிட்டர் தேவைப்படும். மட்கில் உள்ள கார்பாக்சில் தொகுதிகள் ஈயத்தையும் செம்பையும் இறுகப் பிடிக்கின்றன, மண்ணோடு கலப்பதால் செறிவும் குறைகிறது, ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் அதை மூன்றாகக் குறைக்கவும் மட்கு உதவுகிறது. பாதி மட்கிய உரம் போடாதீர்கள். அதிலிருந்து கரைந்து வரும் கரிமப் பொருள் செம்பைத் தன்னோடு சேர்த்து நகர்த்திவிடும். நகர உரம் வாங்கினால் சோதனை அறிக்கை கேளுங்கள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அதில் ஈயம் கிலோவுக்கு 100 மி.கி., காட்மியம் 5, குரோமியம் 50, ஆர்செனிக் 10 தாண்டக் கூடாது.

அடுத்தது உயிர்க்கரி, அதாவது காற்று அதிகம் படாமல் கருக்கிய தாவரக் கரி. சீமைக் கருவேல் கரியும் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் நமக்கு எளிதில் கிடைப்பவை. எடையில் 2 சதவீதம், அதாவது 100 சதுர அடிக்கு 36 கிலோ. தூசி பறக்காமல் நனைத்து, ரவை அளவுக்கு உடைத்து, உரத்தோடு கலந்து இரண்டு வாரம் ஈரமாக வைத்திருந்து போடுங்கள். மணற்பாங்கான கடலோரத் தோட்டத்துக்கு இதைவிட உதவியானது வேறில்லை. களிமண்ணில் பி.எச். ஏற்கெனவே 8 என்றால் பாதி அளவோடு நிறுத்துங்கள், கரி அதை இன்னும் ஏற்றும். நிலக்கரிச் சாம்பலை உயிர்க்கரி என்று நினைத்துப் போட்டுவிட வேண்டாம். உலோகம் வருவதே அதிலிருந்துதான்.

ஆர்செனிக் இருந்தால் செம்மண். அதன் சிவப்புக்குக் காரணமான இரும்பு ஆக்சைடுதான் ஆர்செனிக்கைப் பிடிப்பதில் முன்னணி, ஈயத்தையும் பிடிக்கும். ஊருக்கு வெளியே, ஆலை வாடை படாத இடத்திலிருந்து வந்த லோடுதானா என்று உறுதி செய்துகொண்டு, பாத்தி மண்ணில் ஐந்தில் ஒரு பங்கு கலக்கலாம். ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் காற்றில்லாமல் அந்த இரும்பே கரையும், பிடித்து வைத்த ஆர்செனிக்கும் வெளியே வரும். வடிகால் வெட்டிவிட்டுத்தான் செம்மண்.

சுண்ணாம்பு, பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் மட்டும், ஆய்வகம் சொல்லும் அளவில். சென்னையில் பலருக்கும் தேவையே இருக்காது. பாஸ்பேட் ஈயத்தோடு சேர்ந்து பைரோமார்ஃபைட் என்ற மிகக் கரையாத கனிமமாக மாறும் என்பது உண்மைதான். ஆனால் ராக் பாஸ்பேட் நம் கார மண்ணில் கரையவே வெகுகாலம் எடுக்கும், ஆர்செனிக் இருந்தால் அதன் இடத்தைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டு அதை விரட்டிவிடும். ஈயம் மட்டும் உள்ள மண்ணில், எலும்புத்தூளைக் கொஞ்சமாக, கடைசியில் சேர்க்கலாம்.

சூரியகாந்தி, கடுகு போட்டால் ஈயத்தை உறிஞ்சி மண்ணைச் சுத்தமாக்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில், 15 செ.மீ. ஆழத்தில், சுமார் 195 கிலோ மண். ஈயத்தை 400-லிருந்து 200-க்குக் குறைக்க 39 கிராம் ஈயம் வெளியே வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு கிலோ உலர்ந்த செடி அறுவடை, அதில் தாராளமாக 100 மி.கி. ஈயம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 0.1 கிராம்தான். 390 ஆண்டு ஆகும். வெட்டிவேர் வையுங்கள், சரிவில் மண் அரித்துப் போகாமல் காக்கும். உலோகத்தின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்தியும் வைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 8: எதை, எங்கே விதைப்பது

உலோகம் வேரில் அதிகம், இலையில் அடுத்து, காயில் குறைவு. கத்தரி, வெண்டை, தக்காளி, அவரை, புடலை, பீர்க்கு ஆகியவை சீரமைத்த தரையில் வரலாம். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் வேண்டாம். கீரைதான் மனசுக்குக் கஷ்டம். சென்னையில் கொல்லை என்றாலே முதலில் முளைக்கீரையும் அரைக்கீரையும்தான். ஆனால் காட்மியத்தை ஆவலோடு எடுப்பதும் இவைதான், தரையை ஒட்டி வளர்வதால் மண் தெறித்து ஒட்டுவதும் இவற்றில்தான். கீரையை மட்டும் மாடித் தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது ஓரடி உயரப் பாத்தி கட்டி, அடியில் தண்ணீர் புகும் ஜியோ துணி விரித்து, நம்பிக்கையான மண் நிரப்புங்கள். பாத்தியின் விளிம்புக்குப் பழைய பெயிண்ட் அடித்த கதவுப் பலகையும் டயரும் ஆகாது. அறுத்த பின் ஓடும் தண்ணீரில் இரண்டு முறை அலசி, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்த நீரில் ஒருமுறை முக்கி எடுத்தால் ஒட்டியிருக்கும் தூசி பெரும்பாலும் போய்விடும். உள்ளே ஏறியது எதிலும் போகாது.

படி 9: வெள்ளத்துக்குப் பிறகு

2015 டிசம்பர் மாதிரி ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், வடிந்த பின் மண்ணில் ஒரு மெல்லிய கரும் சேறு படிந்திருக்கும். அதை உரம் என்று கொத்திக் கலக்காதீர்கள். கையுறை போட்டு, ஈரம் காயும் முன் வழித்து எடுத்துத் தனியாக மூட்டை கட்டுங்கள்; காய்ந்தால் தூசியாகப் பறக்கும். பிறகு மேல்மண்ணை மறுபடி சோதிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மணலி, எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. அப்படிப்பட்ட இடங்களில் உலோகத்தோடு எண்ணெய்ப் பொருள்களுக்கான சோதனையும் கேளுங்கள்.

படி 10: மறுசோதனை

உரமும் கரியும் போட்டு ஒரு பருவமழை கடந்ததும் அதே பாத்தியில், அதே ஆழத்தில், அதே ஆய்வகத்தில் திரும்பப் பாருங்கள். மொத்த ஈயம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், அதுவும் கலந்ததால் வந்த குறைவு. ஏமாற வேண்டாம், நீங்கள் பார்க்க வேண்டியது டி.டி.பி.ஏ. எண். அது தெளிவாக இறங்கியிருந்தால் பிடிப்பு கூடியிருக்கிறது. இறங்கவில்லை என்றால் பி.எச்.சையும் உப்பையும் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். காட்மியம் இருந்த பாத்தி என்றால், சோதனைக்காக ஒரு வரிசை கீரை மட்டும் போட்டு, கழுவிய இலையை ஆய்வகத்துக்கு அனுப்புவது இன்னும் உறுதியான வழி. பச்சை எடையில் கிலோவுக்கு ஈயம் 0.3 மி.கி., காட்மியம் 0.2 மி.கி. என்பது கீரை வகைகளுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்ச வரம்பு. அதற்குக் கீழே இரண்டு அறுவடை தொடர்ந்து வரும் வரை அந்த வரிசையிலிருந்து சமையலறைக்கு எதுவும் போக வேண்டாம், பறித்த கீரையை உரக்குழியிலும் போட வேண்டாம்.